இளகிப்போன ஸ்டீயரிங்

“ஏம்மா, ஒரு உசுரு போயிருக்குமே! யாரு பதில் சொல்லுவா?”

லூர்துபிரகாஷ் போட்ட சத்தத்தில், மூலக்குளம் எலெக்ட்ரிக் கார் ஷோரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்வீஸ் கவுன்ட்டரில் இருந்த சரிதா எழுந்து நின்றாள். மனிதர் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். சிரித்துப் பேசுகிற ஆள். இவ்வளவு கோபமாக அவள் பார்த்ததே இல்லை.

“என்ன சார் ஆச்சு? நேத்து சாயங்காலம் வண்டிய நல்லாத்தானே எடுத்துட்டுப் போனீங்க?”

“நல்லாவா? முத்தியால்பேட்டைல எங்க தெருவுக்குள்ள திருப்புறேன். எப்பவும் போலத்தான் திருப்புனேன். ஸ்டீயரிங் பம்பரமா சுத்திடுச்சும்மா! வண்டி நேரா பூ விக்கிற அஞ்சலாட்சி மேல போவுது. அந்தம்மா தாவிக் குதிக்கலன்னா அங்கயே முடிஞ்சிருக்கும். பூக்கூடை டயருக்கு அடில நசுங்கிப் போச்சு. அந்தம்மா போட்ட கூச்சலக் கேட்டு எங்க சகலையே ‘அய்யோ, என்னாச்சு, என்னாச்சு’ன்னு பதறிட்டாரு. வேணும்னா அவரையே கேளுங்க.”

பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெரின், சட்டென்று நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

“அந்தம்மாவுக்கு... ஒண்ணும் ஆகலியே சார்?”

“முட்டி சிராய்ச்சதோட போச்சு. நல்ல நேரம்.”

சரிதா நசுங்கிய கூடையை நினைத்துப் பார்த்தாள். கூடை இருந்த இடத்தில் ஆள் இருந்திருந்தால்?

தப்பு யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்று அந்தக் காருக்குப் புது சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். போட்டால், ஓட்டுகிறவர்கள் தங்கள் வசதிக்கு மாற்றி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். ஸ்டீயரிங்கின் இறுக்கம் கூட, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். வில்லியனூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், “அப்டேட் போட்டாச்சு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். ஒரு வார்த்தையை விழுங்கியதற்கு ஒரு உயிரா?

“அப்டேட்டுன்னு சொல்லி போனை மாத்துற மாதிரி காரையும் மாத்திடுறானுங்கப்பா” என்று டீ குடித்தவர் ஒருவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

மேனேஜர் நாராயணசாமி உள்ளேயிருந்து ஓடி வந்தார். “சாவி குடுத்தது யாரு?”

“நான்தான் சார். அவருகிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா?” என்று பாய்ந்தார் லூர்துபிரகாஷ். “இந்தப் பொண்ண இப்பவே வேலைய விட்டு அனுப்புங்க. இல்லன்னா நேரா போலீசுக்குப் போறேன்.”

மேனேஜர் பார்த்த பார்வையிலேயே சரிதாவுக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது. அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் வாதாட மனசு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“அப்டேட்டுக்கு அப்புறம் ஸ்டீயரிங் லைட்டாத்தான் இருக்கும் சார். எல்லா வண்டியும் அப்படித்தான். உங்க வண்டிலதான் வாங்குன நாள்லருந்தே ஹெவியா மாத்தி வச்சிருக்கு.”

“நான் எதையும் தொடலியே! பேட்டரி கனம், எலெக்ட்ரிக் வண்டின்னா ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டத்தான் வேணும்னு ஊருக்கே சொல்லிட்டுத் திரியுறேன்.”

“நான்தான் மாத்துனேன்” என்றாள் மெரின்.

லூர்துபிரகாஷ் ஆடிப்போனார். “நீயா? எப்போ?”

“ஃபாதர் கோயில்ல வண்டிய மந்திரிச்சாரே, அன்னைக்கு. நீங்க வெளிய மிட்டாய் குடுத்துக்கிட்டிருந்தீங்க. பழைய வண்டில ஒரு கைல போனு, ஒரு கைல ஸ்டீயரிங்குன்னுதானே ஓட்டுவீங்க? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. ரெண்டு கையும் போட்டாத்தான் திரும்பும்னு ஆக்கிட்டா, போன் தானா கீழ போயிடும்னு நினைச்சேன். போயிடுச்சு.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லூர்துபிரகாஷுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“அடிப்பாவி! ஸ்டீயரிங்குக்கு பயந்தா நான் போனை விட்டேன்? தவக்காலத்துல மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு விட்டதுடி! ஃபாதரே பிரசங்கத்துல, இவரைப் பார்த்துக் கத்துக்குங்கன்னு சொல்லல? அன்னையிலருந்து இந்த நிமிஷம் வரைக்கும் வண்டி ஓட்டுறப்ப போனைத் தொட்டதில்ல. நேத்து கூட ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் இருந்துச்சு. மாதா மேல சத்தியமா!”

சிரிப்பு அடங்கிவிட்டது. மேனேஜரே மரியாதையாகத் தலையை ஆட்டினார். சரிதா தன் கைப்பையை எடுக்கக் குனிந்தாள்.

மெரின் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

“சத்தியமெல்லாம் வேணாங்க. முத்தியால்பேட்டைல அந்தம்மா போட்ட கூச்சல், நூறு கிலோமீட்டர் தாண்டி காரைக்கால்ல இருக்கிற உங்க சகலைக்கு எப்படிங்க கேட்டுச்சு?”