ராணியம்மாவின் புருவம்

"இதுவும் எங்கம்மா இல்லை. எடுத்துட்டுப் போ."

சின்ன ராணியம்மா அந்த மண்தலையை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். இது திரும்பி வரும் இரண்டாவது தலை.

குயவச்சி மன்சாவுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ராணியிடம் நேராகப் பேசக்கூடாது. அரண்மனைக் கோல்காரர் அமோவா வழியாகத்தான் எதுவும் போகும்.

"எங்க தப்புன்னு கேளுங்கய்யா. மூக்கா, வாயா?"

கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவளிடம் அமோவா அதை அலங்காரமாகத் திருப்பிச் சொன்னார்.

"மூக்கு வாயெல்லாம் இருக்கு. உள்ள ஆளுதான் இல்லை."

இறந்துபோன பெரிய ராணியம்மாவின் தலை அது. அதை முன்னோர் தோப்பில் வைத்துச் சோறு படைத்தால்தான் துக்கம் தீரும். சடங்குக்கு ஒரு வாரமே இருந்தது.

மன்சா தலையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் காத்திருந்தாள்.

"மறுபடியும் திருப்பிட்டாளா? பெத்த பொண்ணைப் பறிகொடுத்து நிக்கிறவளை இப்படியா வதைப்பாங்க? ராஜ வீட்டுக் கொழுப்பு."

"விடுக்கா. கையெல்லாம் வலிக்குது."

மன்சாவின் மகள் செவா போன கோடையில் காய்ச்சலில் போனாள். துக்கத்துக்கு மழித்த மன்சாவின் தலையில் இன்னும் முடி சரியாக வளரவில்லை. அவளுக்கென்று தோப்பில் தலையும் கிடையாது, சோறும் கிடையாது. மண்தலை ராஜ குடும்பத்துக்கு மட்டும்தான். மற்றவர் முகத்தை அங்கே கொண்டுபோய் வைத்தால் வைத்தவர் உயிர் தங்காது.

தலை செய்ய ஒரு முறை உண்டு. பாத்திரத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இறந்தவர் முகம் தெரியும். தெரிவதை அப்படியே கை செய்யும். ஆனால் பெரிய ராணியம்மாவின் முகத்தை மன்சா எங்கே பார்த்தாள்? ராணி வந்தால் ஊரே தரையைத்தானே பார்க்கும். முதல் இரண்டு தலைகளும் சும்மா குத்துமதிப்பாகச் செய்தவை.

இந்தத் தடவை குத்துமதிப்புக்கும் தெம்பில்லை. தண்ணீரைப் பார்த்தாள். கையை அதன் போக்கில் விட்டாள்.

சுட்டு எடுத்துச் சாம்பலைத் துடைத்தபோதுதான் கண்ணில் பட்டது. இடது புருவத்தில் சின்னத் தழும்பு. நடை பழகும்போது செவா உரலில் மோதி வாங்கியது.

கை செய்திருந்தது மகளின் முகத்தை. புதிதாகப் பிசைந்து உலர்த்திச் சுட நாளில்லை. தழும்பைச் சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தாள். மகளின் முகத்தில் கத்தி வைக்க மனம் வரவில்லை. ஆவது ஆகட்டும் என்று தலையைத் துணியில் சுற்றி அரண்மனைக்கு எடுத்துப் போனாள்.

துணியை விலக்கியதும் சபைப் பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அச்சு அசல் பெரிய ராணியம்மாதான்," என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமோவா கிட்டே போய்க் குனிந்தார். "தாயே, புருவத்துல என்னவோ தழும்பு இருக்கே. பெரிய ராணியம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லையே?"

மன்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்ன ராணியம்மா எழுந்து வந்தாள். மண்தலையைப் பார்த்தாள். பிறகு மன்சாவைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே நாடி. மன்சாவின் மழித்த தலையைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்காக மழித்த தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

"இருந்துச்சு," என்றாள். "நீங்க யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதான் தெரியலை."

"ஆமா தாயே. இப்ப எனக்கும் ஞாபகம் வருது," என்றார் அமோவா.

சின்ன ராணியம்மா அவரைத் தாண்டி, முறையை மீறி, மன்சாவிடமே மெதுவாகக் கேட்டாள்.

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

மன்சா மண்தலையைப் பார்த்தாள். "சுட்ட வாழைப்பழம், தாயே. வேர்க்கடலையோட."

"அமோவா, தோப்புல படைக்கிற வள்ளிக்கிழங்கு மசியலோட, இனி வருஷா வருஷம் சுட்ட வாழைப்பழமும் கடலையும் வைக்கச் சொல்லுங்க."

"பெரிய ராணியம்மா வாழைப்பழத்தைத் தொடவே மாட்டாங்களே, தாயே?"

"வைக்கச் சொன்னேன்."

அமோவா சமையல்கட்டுக்கு நகர்ந்தார். சின்ன ராணியம்மா மன்சாவின் காதருகே குனிந்தாள்.

"எங்கம்மாவுக்கும் இந்தத் தலையை விட்டா வேற இடமில்லை. உன் பொண்ணைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு."