செயலாளர் சாத்திய கதவு

'டமார்' என்று தெருக்கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஏணி மேல் நின்று உத்தரத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த தம்பி, பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தான்.

"வந்துட்டார்க்கா, உன் ரசிகர்."

"எனக்கு எதுக்குடா? நீயே வெச்சுக்க" என்றபடி அக்கா போய்க் கதவைத் திறந்தாள். வார்னிஷ் வாடையில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

ரசிகர் என்றது எதிர்வீட்டுக்காரரை. பழந்தெருப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். பதினைந்து வருடம் அடுத்தவர் சமையலறையில் வெந்தவள், சொந்தமாக உணவகம் தொடங்க அந்தத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். அன்றிலிருந்தே மனிதர் கடுகடுவென்றுதான் இருந்தார். அவள் மது உரிமம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் சங்கத்தைக் கூட்டி ஆட்சேபணை மனுவும் கொடுத்துவிட்டார்.

"சாப்பாட்டோட ஒரு கோப்பை ஒயின் சார், அவ்வளவுதான்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். உரிமம் இல்லாமல் வெறும் சாப்பாட்டை நம்பி அந்த வாடகைக்குக் கடை ஓட்ட முடியாது. மறுபடி அடுத்தவர் அடுப்படிக்கே போகவேண்டியதுதான்.

உரிமம் கேட்பவர்கள் அதை வாசலில் நோட்டீஸ் ஒட்டித் தெரிவிக்க வேண்டும் என்பது ஒரு ஆபீஸின் விதி. பழைய கட்டடத்துச் சுவரில் பசை படக் கூடாது என்பது இன்னொரு ஆபீஸின் விதி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அவள் நோட்டீஸைக் கதவிலேயே ஒட்டிவிட்டாள்.

ஆனால் செயலாளருக்குத்தான் கதவு திறந்திருந்தால் பொறுக்காதே. காலையில் திறந்தால் வந்து சாத்துவார். இவர்கள் திறப்பார்கள். டீ குடித்துத் தெம்பாக வந்து மறுபடி சாத்துவார்.

ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள். "ஏன் சார், நாங்க மூச்சு விட வேணாமா?"

"ஜன்னல் எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் போயே போய்விட்டார்.

தம்பிக்கு ரத்தம் கொதித்தது. "நாளைக்குக் கயிறு போட்டுக் கட்டிடறேன். எப்படிச் சாத்தறார்னு பாக்கலாம்."

கட்டினான். மதியம் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. கயிறு அழகாகச் சுருட்டி வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது.

விசாரணை நாள் வந்தது. உரிம அதிகாரி ஒரு அம்மாள். யாரையும் வளவளவென்று பேசவிடவில்லை. செயலாளர் பின்னால் சங்கமே திரண்டு உட்கார்ந்திருந்தது.

"பத்து மணிக்குக் கடையைச் சாத்திடணும்" என்று தொடங்கினார் செயலாளர். "பின்பக்கம் மேஜை போடக் கூடாது, அங்கதான் பின்வீட்டுக்காரங்க படுக்கையறை ஜன்னலெல்லாம் இருக்கு. காலி பாட்டிலை விடிஞ்சப்புறம்தான் வெளிய எடுக்கணும்."

"உங்களுக்குச் சம்மதமா?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

தம்பி பல்லைக் கடித்தான். அவள் அவன் காலை மிதித்துவிட்டு, "சம்மதம்மா" என்றாள்.

"சரி, கடைசியா ஒண்ணு. நோட்டீஸ் பகல் பூரா தெருவுல போறவங்க கண்ணுல படற மாதிரி இருந்துதா? இல்லேன்னு ஒருத்தர் சொன்னாக்கூட மனு தள்ளுபடி. அடுத்த வருஷம்தான் திரும்ப வரலாம்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. திறந்தால் நோட்டீஸ் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வார்னிஷ் அடித்த நாளெல்லாம் அதைத் திறந்துதானே வைத்தார்கள்! கயிறு போட்டு வேறு கட்டினார்களே!

செயலாளர் எழுந்தார். ஒரே ஒரு வார்த்தை, அவர் சொன்னால் போதும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருந்துதும்மா. நான் எப்பப் பாத்தாலும் தெருவைப் பாத்துதான் இருந்துது."

"நாங்களும் படிச்சோம்" என்று சங்கம் தலையாட்டியது.

மூன்று நிபந்தனைகளோடு உரிமம் கிடைத்துவிட்டது. தம்பி வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

வெளியே படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த செயலாளரை அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"சார், அதுக்காகத்தான் தினமும் வந்து கதவைச் சாத்தினீங்களா?"

"பின்னே? எனக்கு வேற வேலை இல்லையா?"

"நாங்க இங்க வரவே கூடாதுன்னுதானே எதிர்த்தீங்க?"

"பத்து மணிக்கு மேல சத்தம் வரக் கூடாதுன்னு எதிர்த்தேன். இந்தத் தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கும்மா. சாயங்காலமானா ஒரு இடத்துலயாவது நாலு விளக்கு எரியட்டும்னு எனக்கும் ஆசை இருக்காதா? கேக்க வேண்டியதைக் கேட்டு வாங்கியாச்சு. அதை விட்டுட்டு, நோட்டீஸ் சுவரைப் பாத்துதுன்னு சொல்லி உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டா, அதுக்குப் பேர் எதிர்ப்பு இல்ல, திருட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே சாத்தியிருப்போமே சார். உங்களை என்னவெல்லாம் திட்டினோம் தெரியுமா?"

செயலாளர் திரும்பிப் பார்த்தார். சங்கத்து ஆட்கள் இன்னும் வராந்தாவில் வெற்றியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எதிராளிக்கு யோசனை சொன்னேன்னு தெரிஞ்சா அன்னைக்கே என் பதவி போயிருக்கும். டமார்னு சாத்தப்போய்த்தான், போன வாரம் எனக்குப் பாராட்டுத் தீர்மானமே போட்டாங்க."