ஓரியூர் மண்

ஹெலனின் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூடியிருந்த விரல்களின் மேல் லத்தியால் அடித்தாள் பூங்கோதை. விரல்கள் திறக்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள்.

கை விரிந்தது. சிவப்பு மண் தரையில் கொட்டியது.

"திருட்டுச் சிறுக்கி. இத வச்சுக்கிட்டா கையக் கழுவுனேன்னு சொன்ன?"

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் முதல் மாடி அது. பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே, பெல் அடித்து உள்ளே விடுவதற்காகக் காத்துத் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காக்கி உடுப்பில் அந்தக் கதவைக் காப்பது பூங்கோதையின் வேலை.

ஹெலன் மண்டியிட்டு மண்ணைக் கூட்டி அள்ளப் பார்த்தாள். வீங்கிய விரல்கள் மடங்கவில்லை.

"ஓரியூர் கோயில் மண்ணு, அக்கா. எம் புள்ள நெத்தியில ஒரு பொட்டு வச்சுட்டு வந்துர்றேன். வேற ஒண்ணும் தொட மாட்டேன்."

ராமேசுவரம் தீவில், கடலுக்குப் போகிற அவர்கள் வீடுகளில், யாருக்கு உயிர் ஊசலாடினாலும் முதலில் தேடுவது, புனிதர் ஒருவரின் ரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பும் ஓரியூர்ச் செம்மண்ணைத்தான். அவள் கணவன் கிளாட்சன் காலையிலேயே பைக்கை விரட்டிப் போய் அதை எடுத்து வந்திருந்தான்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. ஹெலனின் வயிற்றைத் தைத்து முடிப்பதற்குள் அதை ஆம்புலன்சில் ஏற்றி, பாம்பன் பாலத்தைத் தாண்டி இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு இன்றுதான் எழுந்து வர முடிந்தது. பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

பூங்கோதை ஷூக் காலால் மண்ணை எத்திவிட்டாள்.

"முந்தாநாளு ஒருத்தி முந்தானையில திருநீற ஒளிச்சுக் கொண்டுபோயிப் பூசுனா. இப்ப அவ புள்ளயும் பக்கத்துல கெடக்கிற புள்ளயும் கிருமி ஏறி மயக்கத்துல கெடக்கு. எந்தச் சாமியா இருந்தாலும் வெளிய நின்னு கும்பிடு."

"சரி, வெறுங்கையோட போறேன். கண்ணால பாத்துட்டு வந்துர்றேன். புள்ள இருக்கா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"பெல்லு அடிச்சாத்தான் கதவு. பெத்தவளா இருந்தாலும் சரி, நானா இருந்தாலும் சரி."

அப்போது உள்ளே ஒரு மிஷின் விடாமல் கத்தத் தொடங்கியது. உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். யார் பிள்ளைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

"எம் புள்ளதான்," என்று ஹெலன் கதவை நோக்கிப் பாய்ந்தாள்.

பூங்கோதை அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். ஹெலன் திரும்பி, அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரே முட்டாக முட்டித் தள்ளினாள்.

பூங்கோதையின் பின்மண்டை கதவு நிலையில் மோதியது; லத்தி கீழே விழுந்தது. காதோரம் ரத்தம் இறங்கியது. ஆனால் அவள் கை போனது தலைக்கு அல்ல, அடிவயிற்றுக்கு. அப்படியே குறுகி, மூச்சுவிட முடியாமல் நின்றாள். கதவை விட்டு மட்டும் நகரவில்லை.

பக்கத்தில் இருந்த நூர் நிஷா ஓடிவந்து ஹெலனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அவளுடைய பிள்ளையும் உள்ளேதான் இருந்தது.

"விடு தங்கச்சி, தையலு பிரிஞ்சிரும். அது ராட்சசி. நேத்து என்னயும் இப்படித்தான் தள்ளிவிட்டுச்சு."

டீ வாங்கிக்கொண்டு மாடியேறி வந்த கிளாட்சன், மனைவியின் விரல்களைப் பார்த்தான். டீயை வீசிவிட்டு, கீழே கிடந்த லத்தியை எடுத்தான். அது பூங்கோதையின் தோளில் இறங்கிய சத்தம் கடைசி நாற்காலி வரை கேட்டது.

"நகருடி."

"அடி. கொன்னு போட்டுட்டு வேணா உள்ள போ. ஒங் கால்ல இருக்கிற கடக்கரைச் சேறு உள்ள போகாது."

அவன் மறுபடி ஓங்கினான். நூர் நிஷா ஹெலனை விட்டுவிட்டு லத்தியின் நுனியைப் பிடித்துத் தொங்கினாள்.

"தம்பி, போலீசு வந்தா ஒங்களத்தான் கொண்டுபோவாக. புள்ளய யாரு பாக்குறது?"

ஹெலன் சுவரில் சாய்ந்தபடி கத்தினாள். "ஒரு புள்ளய வயித்துல சுமந்திருந்தா இப்படி வழிய மறிச்சுக்கிட்டு நிப்பியாடி? ஒனக்கு என்னடி தெரியும், மலடி."

பூங்கோதை அடிவயிற்றை மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவோடு முதுகை ஒட்டி நின்றாள்.

உள்ளே கத்திக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று நின்றது. நடைபாதையில் இருந்தவர்கள் கதவுப் பக்கம் நெருங்கினார்கள். இதைவிட அந்தச் சத்தமே பரவாயில்லை என்று தோன்றியது.

கதவு திறந்தது. நர்ஸ் சிநேகா எட்டிப் பார்த்தாள். தரையில் ரத்தமும் டீயும் கலந்து கிடந்ததைக் கண்டு ஒரு கணம் திகைத்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒயர்தான் கழண்டுருச்சு. எல்லாப் புள்ளயும் நல்லா இருக்கு. ஹெலன் யாரு? சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க, ஒங்க புள்ளயப் பாக்கலாம்."

ஹெலனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், கதவருகில் நின்று பூங்கோதையின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"நீ இங்கனயே நின்னு காவக் காத்துக்கிட்டு கெட. உள்ள புள்ள இருந்தாத்தான நீ வரப்போற."

சிநேகா அவளைத் தாண்டி வந்து, ரத்தம் வடிந்துகொண்டிருந்த பூங்கோதையின் கையை மெல்லப் பிடித்தாள்.

"காக்கிய மாத்திட்டு நீங்களும் வாங்கக்கா, ஒங்க புள்ளயும் கண்ணு முழிச்சிருச்சு."