சூரியனைப் பார்க்க வராதவர்

விடியற்காலை ஐந்து மணிக்கு லோகேஷ் குடிலின் தகரக் கதவைத் தட்டியபோது, நான் கதவுக்கு உள்பக்கம் தயாராக நின்றிருந்தேன்.

இன்னொரு தட்டு விழுந்தால் என் வீட்டுக்காரர் விழித்துவிடுவார். சட்டென்று திறந்து, வாயில் விரலை வைத்தேன்.

வெளியே பன்னிரண்டு பேர், ஸ்வெட்டரும் டார்ச்சுமாக. எல்லாரும் எங்கள் வல்லம் வடகால் கம்பெனி ஆட்களும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான். ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி தங்கி, உச்சிப் பாறையிலிருந்து சூரிய உதயம் பார்ப்பது என்று திட்டம். கேட்டவுடன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் நான்.

வழிகாட்டிப் பையன் லோகேஷ் உள்ளே எட்டிப் பார்த்தான். என் கணவர் புருஷோத்தமன் கம்பளிக்குள் சுருண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"சாரை எழுப்புங்கக்கா. சன்ரைஸ் போயிடும்."

அவனே எழுப்ப உள்ளே கால் வைத்தான். வாசலில் கையை நீட்டி மறித்தேன்.

கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் ஷெர்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நேத்து அந்த மனுசன உக்காரவே வுடல. இப்ப இன்னா திடீர் பாசம்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. நேற்று நான் கொடுமைக்காரியாகத்தான் இருந்தேன்.

குழந்தைகள்கூட ஓடி ஏறுகிற பாதை அது. அதில் இவர் கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்தார். புளிசாதம் சாப்பிட்டு மரத்தில் சாய்ந்தவரைக் கிள்ளி எழுப்பினேன். எங்கள் பையோடு ஷெர்லின் பையையும் இவர் தோளில் மாட்டினேன். குடிலுக்கு வந்த பிறகும் விடவில்லை, தண்ணீர் எடுக்க ஓடைக்கு இரண்டு தடவை விரட்டினேன். எல்லாரும் என்னை முறைத்தார்கள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

லோகேஷ் விடுவதாக இல்லை. சூரியனைப் பார்க்காமல் போனால் மலைக்கு வந்ததே வீண் என்றான்.

"அவரு தெனமும் பாக்குறாரு தம்பி. எட்டு வருசமா."

மகள் பிறந்ததிலிருந்து இவருக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே என்று இவராகக் கேட்டு வாங்கியது. காலை ஆறு மணிக்கு, முகத்தில் வெயில் அடிக்க, சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார். அதே நிறுத்தத்தில் மகளை இவரிடம் விட்டுவிட்டு என் கம்பெனி பஸ்ஸில் நான் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை லீவுதான். ஆனால் உடம்புக்கு லீவு தெரியாது. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

பகலெல்லாம் தூங்கவிடாமல் ஒரு மலையை ஏற வைத்தால்? அந்த ஆசையில்தான் மகளை அம்மா வீட்டில் விட ஏற்பாடு செய்துவிட்டுப் பெயர் கொடுத்தேன். நேற்று ஒன்பது மணிக்கு, "எனக்கு எங்க தூக்கம் வரப்போவுது, நீ தூங்கு" என்று படுத்தார். ஒன்பதே காலுக்குக் குறட்டை. இருட்டில் நான் தனியாகச் சிரித்தேன்.

ஷெர்லின் டார்ச்சை அணைத்தாள். லோகேஷின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே மற்றவர்களும் சத்தம் வராமல் கால் வைத்துப் படியிறங்கினார்கள்.

கதவைச் சாத்திவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் மெல்ல வெளிச்சம் வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எட்டு மணிக்கு விழித்தவர் வெயிலைப் பார்த்துப் பதறிவிட்டார். "அடடா, என்னால நீயும் பாக்காம போயிட்டியா?"

"பாத்தேனே. கண்ணு நெறைய பாத்தேன்."

"எப்டி இருந்துச்சி?"

"கொஞ்சம் கொறட்ட ஜாஸ்தி" என்றேன்.