பித்தளைக் கைப்பிடி

மகன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஆட்களோடு மூழ்கிப்போன பிறகு, கடைசல்காரர் அதே கப்பலை மேசை நீளத்துக்குச் செய்ய உட்கார்ந்தார். மேல்தளத்தில் உயிர்காப்புப் படகை இறக்கும் சக்கரத்தைப் பித்தளையில் கடைந்து, நூல் சுற்றி, அதில் குட்டிப் படகைத் தொங்கவிட்டு, அரிசி மணியளவு கைப்பிடி வைத்தார். ஊதினாலே சுற்றியது.

மறுநாள் காலையில் அது இறுகிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று துரு. பித்தளை எங்கேயாவது இப்படித் துருப்பிடிக்குமா? இன்னொன்று கடைந்தார். அதுவும் அப்படியே ஆயிற்று.

"அவன் போன்ல சொன்னது மறந்துபோச்சா?" என்றாள் மனைவி. "எங்க கப்பல்ல படகை இறக்கவே முடியாதும்மா, சக்கரம் துருப்பிடிச்சுக் கெடக்குன்னு சிரிச்சானே."

"அது அவங்க சக்கரம். நான் செய்யறது சுத்தும்டி."

வீம்புக்கு மூன்றாவதையும் பொருத்திவிட்டு, எண்ணெய் எடுக்கத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் 'கறக்'கென்றது. கைப்பிடி தானாகக் கொஞ்சம் நகர்ந்து சிக்கி நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி சிக்கியது. யாரோ உடம்பையே போட்டுத் தள்ளுவது போலிருந்தது.

"எண்ணெயை ஊத்துங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள் மனைவி.

தளமே மிதக்கும் அளவுக்கு ஊற்றினார். விரல் நுனியை வைத்து அவரும் கூடச் சேர்ந்து தள்ளினார். சக்கரம் சுற்றவில்லை. படகு நூலிலேயே தொங்கியது. விரலுக்கடியில் அந்தத் தள்ளல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு தடவை லேசாக நடுங்கி, அடங்கியது.

"விட்டுடுங்க," என்றாள் அவள். "கை ஓஞ்சு போச்சு."

யார் கை என்று அவர் கேட்கவில்லை.