காதுள்ளவன்

"ராக்கெட்டு இன்னும் கெளம்பவே இல்ல, அதுக்குள்ள வாசிக்கிற பொண்ணு நிலாவுல எறங்கிடுச்சு! இன்னா அவசரமோ!"

இயர்போனை உருவிப் போட்டுவிட்டு ஜெகதீசன் சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். விமர்சனம் எழுதுவதென்றால் அப்படித்தான் உட்காருவார்.

ரயில்வேயில் ஓய்வு பெற்று, செங்கல்பட்டிலிருந்து படூர் அபார்ட்மெண்டுக்குக் குடிவந்ததிலிருந்து மனிதருக்கு இதே வேலைதான். விண்வெளி, ரோபோ என்று ஆடியோ புத்தகமாகக் கேட்பார். கேட்ட கையோடு ஆப்பிலேயே கிழிகிழியென்று கிழிப்பார். அங்கே அவருக்குப் பெயர் 'காதுள்ளவன்'.

"செவ்வாய்க்குப் போக ஏழு மாதம் ஆகுமாம். இவர் வாசிக்கிற வேகத்துக்கு, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு ஸ்டார்."

"ரோபோ வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள். இந்தப் புத்தகத்தைக் கேட்கிற வேலையைத் தாராளமாகப் பிடுங்கிக்கொள்ளட்டும்."

"கருந்துளைக்குள் போன வெளிச்சம் திரும்பாதாம். இந்தப் புத்தகத்துக்குள் போன என் ஞாயிற்றுக்கிழமையும்தான் திரும்பவில்லை."

எழுதியதை அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவார். சிரிப்புப் பொம்மைகள் வந்து கொட்டும். அவருக்குத் தலைகால் புரியாது.

"இன்னாங்க..." சமையலறையிலிருந்து அவர் மனைவி வேண்டா. "ஒரு நாளு சாயங்காலமா மாமல்லபுரம் வரைக்கும்..."

"இரு வேண்டா. இப்ப நிலாவுல கீறேன்."

எழுதினார்: "வாசிப்பவருக்குக் கடைசி பஸ் போய்விடும் போலிருக்கிறது. யாராவது முதலில் அவரை ஏற்றிவிட்டு வாருங்கள். ஒரு ஸ்டார்."

மறுநாள் மாலை காலிங்பெல் அடித்தது. மேல்வீட்டுப் பெண் திவ்யா.

"அங்கிள், அந்த நிலா புக் வாசிச்சது நான்தான்."

ஜெகதீசன் கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எனக்கு அதான் முதல் புக். உங்க ரிவ்யூவுக்குத்தான் லைக் குவிஞ்சிருக்கு. அடுத்த புக்க எனக்குக் குடுக்கலாமா, வேணாமான்னு கம்பெனில யோசிக்கிறாங்க. சண்டை போட வரல அங்கிள். எங்க ஓடுறேன்னு காட்டுங்க, திருத்திக்கிறேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காதுள்ளவன் விட்டுக்கொடுப்பானா?

"தப்பா எடுத்துக்காதம்மா. மனசுல பட்டத பட்டுனு சொல்லித்தான் நமக்குப் பழக்கம். நீயே கேளு."

போனைச் சத்தமாக வைத்தார். பள்ளம், பாறை, தூசி எல்லாம் சரவெடியாய் வெடித்துக்கொண்டு ஓடின.

திவ்யா போனை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் கோணியது. அழப் போகிறாள் என்று ஜெகதீசன் பதறினார். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கிள்! டபுள் ஸ்பீட்ல ஓடுது! ஓரத்துல பாருங்க, டூ எக்ஸ்னு போட்டிருக்கு!"

"அது ரெண்டாம் பதிப்பு இல்லியா?"

"ஐயோ, அங்கிள்!"

அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். நிலா நிதானமாக உதித்தது. என்ன குளிர்ச்சியான குரல்! ஜெகதீசனுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. இதுவரை கிழித்த அத்தனை பேரும் கண்முன் வந்து நின்றார்கள்.

"மன்னிச்சுக்கம்மா. பெரிய தப்பு பண்ணிட்டேன். இப்பவே உண்மைய எழுதி, அஞ்சு ஸ்டார் போட்டுடறேன். குரூப்புலயும் போடறேன். சிரிச்சா சிரிக்கட்டும்." சொல்லிக்கொண்டே மளமளவென்று எழுதியும் விட்டார். பிறகுதான் உறைத்தது. "ஆமா, இத யாரு மாத்துனது?"

"நான்தான்."

கையில் கரண்டியோடு வேண்டா நின்றிருந்தாள்.

"நீங்க அந்த ஆப்ப போட்ட மறுவாரமே மாத்திட்டேன். புக்க வேகமா ஓட வெக்கிறது எப்பிடின்னு லிப்ட்ல கேட்டேன். இந்தப் பொண்ணுதான் சொல்லிக் குட்த்துச்சு."

திவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி! அது உங்களுக்குன்னுல்ல நெனச்சேன்! எனக்கு நானே ஒரு ஸ்டார் போட்டுக்கிட்டேனா?"

அவள் சிரித்த சிரிப்பு ஜெகதீசனுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஊரு பூரா என்ன பேஜாராக்கிட்டியே வேண்டா! எதுக்குடி இந்த வேல?"

வேண்டா மட்டும் சிரிக்கவில்லை.

"பாதி நேரத்துல புக்கு முடிஞ்சிட்டா, மீதி நேரம் எங்கூட பேசுவீங்கன்னு பார்த்தேன். நீங்க இன்னொரு புக்க எடுத்துட்டீங்க."