மாமன் முறுக்கு

“மாப்பிள்ளையோட தாய்மாமன் முறுக்கிகினு உக்காந்துகினு கீறாரு. நீங்க வந்து கூப்ட்டாதான் சாப்புடுவாராம்” என்று மனைவி மங்களம் வந்து சொன்னதும் வீரராகவனுக்குச் சுருக்கென்றது.

தாலி கட்டி முடிந்து, ஆவடி மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் வாசலுக்கும் சமையல்கட்டுக்குமாக அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

“இன்னா குறையாம்?”

“நாம வெச்சுக் குடுத்த வேட்டியில ஜரிகை சின்னதா கீதாம்.”

“இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மனுஷனா?”

மங்களம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? தன் அக்கா மகன் கல்யாணத்தில் இதே ஜரிகைக்காக வேட்டியைத் தட்டோடு தள்ளிவிட்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாப்பில் போய் நின்றவர் வீரராகவன். சமாதானம் பேச ஒருத்தரும் வரவில்லை. வெயில் தாங்காமல் தானே திரும்பி வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது வடை, பாயசமெல்லாம் தீர்ந்து ரசம்தான் மிச்சம்.

போகிற வழியில் பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ‘மரியாதை ஜரிகையிலயா கீது?’ கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தன்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அந்த ரசத்துக்குக்கூடத் திரும்பியிருக்க மாட்டோம் என்று தோன்றவே, அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

காட்டுப்பாக்கத்துக் கலியமூர்த்தி, அதுதான் அந்தத் தாய்மாமன், இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. வேற வேட்டி வாங்கியாறச் சொல்றேன். சாப்புடுங்க.”

“நீங்க பக்கத்துல உக்காந்தா சாப்புடறேன்.”

“எனக்கு வாசல்ல வேல கீது...”

“அப்ப எனக்கும் சோறு வாணாம்.”

வேறு வழியில்லை, உட்கார்ந்தார். சாதத்தைப் பிசையும்போதுதான் தனக்கு எவ்வளவு பசி என்பது தெரிந்தது. விடிந்ததிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை.

நாலு வாய் உள்ளே போனதும், “எவ்ளோ அகல ஜரிகை வோணும் சம்மந்தி?” என்று தயங்கிக் கேட்டார்.

“இதுவே நல்லாத்தான் கீது” என்றார் கலியமூர்த்தி, வீரராகவன் இலைக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு. “எம் பொண்ணு கல்யாணத்துல சாப்புடாம ஓடிகினே இருந்து, மேடையிலயே மயங்கி உயுந்தவன் நான். பொண்ணப் பெத்தவன் பொண்டாட்டி சொன்னா எங்க உக்கார்றான்? மாப்ள ஊட்டுக்காரன் கோச்சிகினாதான் உக்கார்றான்.”